செவிலிய மாணவர்களும் செய்முறைத் திறன் தேர்வும்: தேர்வு முறை, மாணவர் கருத்துகள், தயாராகும் வழிகள்

செவிலியப் பட்டப்படிப்பு அல்லது பட்டயப் படிப்பு பயிலும் மாணவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் இது பயன்படும். செய்முறைத் திறன் தேர்வு எதற்காக நடத்தப்படுகிறது, எவ்வாறு நடத்தப்படுகிறது, அதைப் பற்றி மாணவர்கள் கூறும் கருத்துகளில் எவை ஏற்கத்தக்கவை, எவை தவறான புரிதலால் எழுபவை, நீங்கள் அதற்கு எவ்வாறு தயாராகலாம் என்பவற்றை இங்கே காணலாம்.

முக்கியச் செய்திகள்

• செய்முறைத் தேர்வு உங்கள் நினைவாற்றலைச் சோதிப்பதன்று. நோயாளிக்குத் தீங்கு நேராமல் ஒரு செயலைச் செய்து முடிக்கும் திறனைச் சோதிப்பது.
• நிலையங்கள் அமைத்து நடத்தப்படும் தேர்வு பழைய முறையைவிட நியாயமானது என மாணவர்கள் பொதுவாகக் கருதுகின்றனர். அதே மாணவர்கள் அதனை மிகுந்த மன அழுத்தம் தருவதாகவும் கூறுகின்றனர். இரண்டும் உண்மையே.
• நேரம் போதவில்லை என்னும் முறையீடு எல்லா வேளைகளிலும் பயிற்சிக் குறைவால் எழுவதன்று. சில வேளைகளில் குறை நிலையத்தின் வடிவமைப்பிலேயே இருக்கும்.
• தேர்வுக்குப் பின் எங்கே தவறினீர்கள் என்பதை அறிந்துகொள்வது மதிப்பெண்ணை அறிவதற்கு இணையாக முக்கியமானது. அதனைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

செய்முறைத் திறன் மதிப்பீடு என்றால் என்ன?

இன்சுலின் ஊசியை எந்தக் கோணத்தில் செலுத்த வேண்டும் என்று தாளில் எழுதுவது வேறு. அச்சத்துடன் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அதனைச் செலுத்துவது வேறு. இந்த இடைவெளியை அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990ஆம் ஆண்டில் நான்கு படிகள் கொண்ட ஒரு கூம்பு வடிவில் விளக்கினார். அடிப்படியில் இருப்பது ‘அறிந்திருத்தல்’. அதற்கு மேல் ‘எவ்வாறு செய்வது என அறிந்திருத்தல்’. மூன்றாவது ‘செய்து காட்டுதல்’. உச்சியில் இருப்பது ‘அன்றாடப் பணியில் செய்தல்’.

எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளையே தொடும். நிலையத் தேர்வு மூன்றாம் படியை அளக்கிறது. நான்காம் படியை வார்டில் பல நாட்கள் உங்களைக் கவனிக்கும் ஆசிரியரும் வார்டு செவிலியருமே மதிப்பிட முடியும். ஆகவே எந்த ஒரு தேர்வும் தனித்து நின்று உங்கள் முழுத் திறனையும் அளந்துவிடாது. இதனை மனத்தில் கொண்டால் தேர்வைப் பற்றிய பல குழப்பங்கள் தெளியும்.

பழைய முறையும் அதன் குறைகளும்

நெடுங்காலம் செவிலியச் செய்முறைத் தேர்வு ஒரே வடிவில் நடந்துவந்தது. காலையில் மாணவருக்கு வார்டில் ஒரு நோயாளி ஒதுக்கப்படுவார். மாணவர் அவருடைய நிலையைக் கேட்டறிந்து, பராமரிப்புத் திட்டம் எழுதி, ஒரு செய்முறையைச் செய்து காட்டுவார். பிறகு தேர்வாளர்கள் வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வை நடத்துவார்கள். பல இடங்களில் இம்முறை இன்றும் தொடர்கிறது.

இம்முறைக்கு ஒரு சிறப்பு உண்டு. உண்மையான நோயாளியை, அவருடைய வலி, அச்சம், குடும்பம் ஆகிய அனைத்துடனும் மாணவர் எதிர்கொள்கிறார். ஆயினும், இதில் நியாயம் குறைவு என்னும் முறையீடு மாணவரிடையே எப்போதும் இருந்துவந்தது. ஒருவருக்கு நன்கு ஒத்துழைக்கும் நோயாளி அமைவார். மற்றொருவருக்குப் பேச இயலாத நிலையில் உள்ளவர் அமைவார். ஒருவர் படுக்கை விரிப்பு மாற்றுவதைச் செய்து காட்டுவார். மற்றொருவர் ரைல்ஸ் குழாய் செலுத்துவதைச் செய்து காட்ட நேரும். இருவரின் மதிப்பெண்ணும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதப்படும்.

இக்குறையைக் களையும் நோக்கில், ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஹார்டனும் அவருடன் பணியாற்றியோரும் 1975ஆம் ஆண்டில் ஒரு புதிய தேர்வு முறையை வெளியிட்டனர். மாணவர்கள் வரிசையாக அமைந்த பல நிலையங்களை ஒவ்வொன்றாகக் கடந்து செல்வார்கள். எல்லோருக்கும் அதே பணிகள், அதே நேரம், முன்கூட்டியே எழுதப்பட்ட அதே மதிப்பீட்டுப் பட்டியல். ஓ.எஸ்.சி.இ. என்னும் எழுத்துகளால் இத்தேர்வு உலகெங்கும் அறியப்படுகிறது. மருத்துவ மாணவர்களுக்காகத் தோன்றிய இம்முறை பின்னர்ச் செவிலியக் கல்வியிலும் பரவியது.

இந்தியாவில் உள்ள விதிமுறைகள்

செவிலியக் கல்வியின் தரத்தை ஒழுங்குபடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய செவிலியர் குழுமம் அமைக்கப்பட்டது. இக்குழுமம் பி.எஸ்சி. செவிலியப் படிப்புக்கு வகுத்த திருத்திய பாடத்திட்டம் 2021ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியானது. நான்கு ஆண்டுப் படிப்பு எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, திறன் அடிப்படையிலான கற்பித்தலுக்கு முதன்மை தரப்பட்டது. ஓ.எஸ்.சி.இ. தேர்வும் மதிப்பீட்டு முறைகளுள் ஒன்றாக அதில் இடம்பெற்றுள்ளது.

நீங்கள் அறிந்திருக்க வேண்டிய சில விதிகள்:

• எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே குறைந்தது 50 விழுக்காடு பெற வேண்டும். ஒன்றில் பெற்ற மிகுதி மற்றொன்றின் குறையை ஈடுசெய்யாது.
• செய்முறைத் தேர்வை அகத் தேர்வாளர் ஒருவரும் புறத் தேர்வாளர் ஒருவரும் இணைந்து நடத்த வேண்டும்.
• பட்டம் பெறுவதற்கு முன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் 100 விழுக்காடு வருகை நிறைவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

கடைசி விதியைப் பல மாணவர்கள் வெறும் அலுவல் கட்டுப்பாடாகக் கருதுகின்றனர். அது மில்லரின் நான்காம் படியைக் காக்கும் விதி. வார்டில் செலவிடும் நாட்களுக்குத் தேர்வு ஒருபோதும் மாற்றாகாது.

நிலையத் தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பத்து நிலையங்கள்; ஒவ்வொன்றிலும் 5 நிமிடம்; அடுத்த நிலையத்துக்குச் சென்று வினாவைப் படிக்க 1 நிமிடம். பத்து மாணவர்கள் ஒரே வேளையில் ஆளுக்கொரு நிலையத்தில் தொடங்குவார்கள். மணி ஒலித்ததும் ஒவ்வொருவரும் அடுத்த நிலையத்துக்கு நகர்வார்கள். 60 நிமிடத்தில் பத்து மாணவர்களும் பத்து நிலையங்களையும் முடித்திருப்பார்கள். நிலையங்களின் எண்ணிக்கையும் நேரமும் கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும்.

நிலையங்கள் பொதுவாக மூன்று வகைப்படும். முதல் வகையில் நீங்கள் ஒரு செயலைச் செய்வீர்கள். தேர்வாளர் ஒருவர் அருகிலிருந்து பட்டியலில் குறித்துக்கொள்வார். இரண்டாம் வகையில் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவருடன் பேசுவீர்கள். நியமப்படுத்திய நோயாளி எனப்படும் இவ்வழக்கத்தை அமெரிக்காவில் ஹோவர்டு பாரோஸ் 1963ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தார். மூன்றாம் வகையில் தேர்வாளர் இருக்கமாட்டார். மருந்தளவுக் கணக்கு, நீர்ச் சமநிலை அட்டவணை, ஆய்வக அறிக்கை போன்றவற்றைப் பார்த்து விடை எழுதுவீர்கள்.

மாணவர்கள் கூறும் கருத்துகள்

இத்தேர்வைப் பற்றிச் செவிலிய மாணவரிடம் கருத்துக் கேட்டு, பல நாடுகளில் ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றில் சில கருத்துகள் மீண்டும் மீண்டும் வெளிப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அவற்றின் பின்னுள்ள காரணத்தையும் காண்போம்.

1. ‘எல்லோருக்கும் ஒரே தேர்வு என்பதால் நியாயமாக உள்ளது’

மாணவர்கள் மிகுதியாகப் பாராட்டும் கூறு இது. பணியும் நேரமும் பட்டியலும் அனைவருக்கும் ஒன்றே. பாடத்தின் பல பகுதிகள் ஒரே நாளில் சோதிக்கப்படுவதால், ஒரு நிலையத்தில் தடுமாறியவர் அடுத்த நிலையத்தில் தம் திறனைக் காட்டலாம். ஆசிரியருக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்னும் ஐயத்துக்கும் இடம் குறைகிறது.

2. ‘ஒரு தேர்வாளர் கடுமையாக மதிப்பெண் இட்டார்’

இம்முறையீட்டைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். நான்காம் நிலையத்தில் உள்ள தேர்வாளர் கடுமையானவர் எனக் கொள்வோம். அதே சுற்றில் வரும் எல்லா மாணவரும் அவரையே சந்திக்கின்றனர். ஆகவே அவருடைய கடுமை அனைவரையும் ஒரே அளவில் தொடும். ஒருவரை மட்டும் பின்தள்ளாது. ஆனால், மாணவர் எண்ணிக்கை மிகுதி என்பதால் இரு அறைகளில் இரு சுற்றுகள் இணையாக நடத்தப்பட்டு, ஓர் அறையில் கடுமையானவரும் மற்றோர் அறையில் இளகிய மனமுடையவரும் அமர்ந்தால், வேறுபாடு மெய்யாகவே எழும். காலையில் ஒருவரும் மாலையில் மற்றொருவரும் ஒரே நிலையத்தில் அமர்ந்தாலும் அவ்வாறே. தேர்வுக்கு முன் தேர்வாளர்கள் ஒன்றுகூடி, ஒரே செய்முறையைப் பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் இட்டு ஒப்பிட்டுக்கொள்வது இதற்குரிய தீர்வு.

3. ‘நேரம் போதவில்லை’

இரத்த அழுத்தம் அளக்கும் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கைத்தூய்மைத் திரவத்தால் கைகளைத் தேய்க்க உலகச் சுகாதார நிறுவனம் கூறும் நேரம் 20 முதல் 30 நொடி. நோயாளியின் பெயரையும் பதிவு எண்ணையும் சரிபார்த்து, செயலை விளக்கி, இசைவு பெற அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். கையை இதய மட்டத்தில் அமர்த்தி, மேற்கையின் சுற்றளவுக்கு ஏற்ற கைப்பட்டையைத் தேர்ந்து கட்ட ஏறத்தாழ அதே நேரம் தேவை. நாடியைத் தொட்டு மேல் அழுத்தத்தை முதலில் கணித்து, காற்றை முழுவதும் வெளியேற்றிச் சற்றுப் பொறுக்க வேண்டும். பின்னர் ஸ்டெதஸ்கோப் வைத்து, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. பாதரச அளவில் காற்றை இறக்க வேண்டும். 160இலிருந்து 60 வரை இறக்கவே ஏறத்தாழ 35 முதல் 50 நொடி பிடிக்கும். பிறகு பதிவு செய்து, நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சி பெற்றவருக்கு இவை அனைத்தும் 5 நிமிடத்துக்குள் அடங்கும். ஆனால் மிச்சம் இராது. அளப்பதற்கு முன் நோயாளி 5 நிமிடம் ஓய்வாக அமர்ந்திருக்க வேண்டும் என்பதும் நெறியே. நோயாளி ஏற்கெனவே ஓய்வாக அமர்ந்துள்ளார் என்று வினாத்தாளில் குறிப்பிடாவிட்டால், அந்த நிலையம் செய்து முடிக்க இயலாத ஒன்றாகிவிடும். சோப்பும் நீரும் கொண்டு கை கழுவச் சொன்னால், அதற்கு 40 முதல் 60 நொடி ஆகும். மொத்த நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே கழியும்.

ஆகவே, நேரம் போதவில்லை என மாணவர்கள் கூறும்போது இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். ஒன்று, மாணவர் போதிய பயிற்சி பெற்றிருந்தாரா? மற்றொன்று, அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் நெறி பிறழாமல் அந்தச் செயலை அந்த நேரத்துக்குள் செய்து காட்ட முடிந்ததா? இரண்டாவதற்கு விடை ‘இல்லை’ எனில் பிழை மாணவருடையதன்று. அத்தகைய நிலையம் வேகமாகச் செய்வதற்காகப் படிகளைத் தாண்டிச் செல்லும் பழக்கத்தையே கற்பிக்கும். அப்பழக்கம் பின்னர் வார்டுக்கும் செல்லும்.

4. ‘பட்டியலுக்காகவே நடிக்கிறோம்’

‘கை கழுவுகிறேன்’ என்று வாயால் கூறிவிட்டுக் கழுவாமல் செல்வது, நோயாளியின் முகத்தைப் பாராமல் மனப்பாடமாகச் ‘சிகிச்சையைத் தொடங்கலாமா?’ எனக் கேட்பது போன்றவற்றை மாணவர்களே குறையாகச் சுட்டுகின்றனர். பட்டியல் ஒவ்வொரு படியையும் தனித்தனியே எண்ணுவதால் இந்நிலை எழுகிறது.

பட்டியலில் மற்றொரு சிக்கலும் உண்டு. 20 மதிப்பெண் கொண்ட ஊசி நிலையத்தில் நோயாளியின் அடையாளத்தைச் சரிபார்க்க 1 மதிப்பெண் எனக் கொள்வோம். அதனை மட்டும் தவறவிட்டு மற்றவற்றை முறையாகச் செய்தவர் 19 மதிப்பெண் பெறுவார். மெய்யான வார்டில் அவர் மருந்தை வேறொருவருக்குச் செலுத்தியிருக்கக்கூடும். இதனால்தான் பல நிறுவனங்களில் சில படிகள் கட்டாயப் படிகளாகக் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று தவறினாலும் அந்த நிலையத்தில் தேர்ச்சி இல்லை. இவ்விதி கடுமையானதாகத் தோன்றலாம். ஆயினும் எந்தப் படிகள் கட்டாயமானவை என்பது மாணவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருந்தால், அது நியாயமான விதியே.

5. ‘பொம்மையிடம் எப்படிப் பேசுவது?’

பயிற்சிப் பொம்மையிடம் பரிவுடன் பேசுவது பலருக்குக் கூச்சத்தைத் தருகிறது. இதயம் நின்றவருக்கு அளிக்கும் மார்பழுத்தம் போன்ற திறன்களைப் பொம்மையின் மீதே சோதிக்க இயலும். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துவதை உயிருள்ளவர் மீது செய்து காட்ட முடியாது. ஆனால் வலியைப் பற்றிக் கேட்டறிதல், துயரச் செய்தியைக் கேட்ட குடும்பத்தாருடன் பேசுதல் போன்றவற்றுக்குப் பொம்மை பொருந்தாது; நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரே வேண்டும். நம் கல்லூரிகளில் மூத்த மாணவர்களும் தன்னார்வலர்களும் இப்பணியைச் செய்யலாம்.

6. ‘நோயாளியை முழு மனிதராகப் பார்க்க இடமில்லை’

இது ஆழமான கருத்து. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நோயாளியும் பணியும் மாறும்போது, பராமரிப்பு துண்டு துண்டாகச் சிதறுகிறது. செவிலியப் பணியின் உயிர்நாடி தொடர்ச்சியில் உள்ளது. காலையில் பசியில்லை என்றவர் மாலையில் உண்டாரா என்று நினைவு வைத்துக் கேட்பதும் திறனே. அதனை எந்த நிலையமும் அளக்காது. இதற்காகவே நிலையத் தேர்வுடன் வார்டில் நடைபெறும் தொடர் மதிப்பீடும், பராமரிப்புத் திட்டமும், நோயாளி விளக்கவுரையும் இணைந்து இருக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றால் நீக்கிவிடக் கூடாது.

7. ‘அச்சத்தால் தெரிந்ததும் மறந்துபோனது’

ஒருவர் கையில் தாளுடன் உற்றுநோக்கும்போது கை நடுங்குவது இயல்பு. ஓரளவு பதற்றம் கவனத்தைக் கூர்மையாக்கும். அளவு மீறினால் செயலைக் குலைக்கும். இதற்கு மாணவர்களே பரிந்துரைக்கும் மருந்து மாதிரித் தேர்வு. மணி ஒலிப்பது, நகர்வது, ஒருவர் பார்த்துக் குறிப்பது ஆகியவை ஒருமுறையேனும் பழகியிருந்தால், மெய்யான தேர்வில் புதுமையால் எழும் அச்சம் பெரிதும் குறையும்.

8. ‘எங்கே தவறினேன் என யாரும் கூறவில்லை’

மதிப்பெண் மட்டும் அறிவிக்கப்படுவதைப் பற்றிய மனக்குறை பரவலானது. மூக்குவழிக் குழாயின் நீளத்தை மூக்கு நுனியிலிருந்து காதுமடல் வரையும், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்நுனி வரையும் அளக்க வேண்டும். ஒரு மாணவர் இதனைத் தவறாக அளந்து, 12 மதிப்பெண் பெற்றுத் தேறிவிட்டார் எனக் கொள்வோம். அவரிடம் எவரும் பிழையைக் கூறாவிட்டால், பணியில் சேர்ந்த பின்னும் அவர் அவ்வாறே அளப்பார். தேர்ச்சி பெற்றவருக்கும் பின்னூட்டம் தேவை என்பதற்கு இதுவே காரணம்.

நீங்கள் எவ்வாறு தயாராகலாம்?

• படிகளுடன் காரணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கைப்பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும் என்று அறிந்தவர், பட்டையைத் தேர்வதை மறக்கமாட்டார்.
• மூவர் கொண்ட குழுவாகப் பயிலுங்கள். ஒருவர் செய்பவர், ஒருவர் நோயாளி, ஒருவர் தேர்வாளர். தேர்வாளராக அமர்ந்து பட்டியலைக் குறிக்கும்போது பிழைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.
• முதலில் நேரம் பாராமல் பிழையின்றிச் செய்யப் பழகுங்கள். அதன் பின்னரே கடிகாரத்தை வையுங்கள். இந்த வரிசையை மாற்றினால் பிழையே வேகம் பெறும்.
• எல்லா நிலையங்களுக்கும் பொதுவான தொடக்கத்தைக் கைவரச் செய்யுங்கள்: கைத்தூய்மை, உங்கள் அறிமுகம், நோயாளியின் அடையாளம், விளக்கம், இசைவு, மறைப்பு. முடிவுக்கும் அவ்வாறே: நோயாளியின் வசதி, கழிவகற்றல், கைத்தூய்மை, பதிவு.
• மருந்தளவுக் கணக்கை நாள்தோறும் ஒன்றேனும் போட்டுப் பாருங்கள்.
• வார்டில் செய்முறை செய்யும் வாய்ப்பு வரும்போது பின்வாங்காதீர்கள். ஆசிரியரின் மேற்பார்வையில் செய்து, லாக் புக்கில் அன்றே பதிவு செய்யுங்கள்.

தேர்வு நாளில்

நிலையத்தின் வாயிலில் உள்ள வினாவை இருமுறை படியுங்கள். ‘செய்து காட்டுக’ என்பதற்கும் ‘விளக்குக’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. இடையில் ஒரு படியை மறந்தது நினைவுக்கு வந்தால், மறைக்காமல் வெளிப்படையாகக் கூறித் திருத்திக்கொள்ளுங்கள். கிருமி நீக்கிய கையுறை வேறொன்றில் பட்டுவிட்டால், ‘இது தூய்மை இழந்துவிட்டது; மாற்றிக்கொள்கிறேன்’ என்று கூறி மாற்றுவது பலவீனமன்று; நோயாளிக்கு வேண்டிய நேர்மை அதுவே. முடிந்த நிலையத்தை நினைத்து வருந்திக்கொண்டே அடுத்ததற்குச் செல்லாதீர்கள். புதிய நிலையத்தின் தேர்வாளருக்கு உங்கள் முந்தைய பிழை தெரியாது.

தேர்ச்சி பெறாவிட்டால்

ஒரு நிலையத்திலோ ஒரு தேர்விலோ தவறியது, நீங்கள் இப்பணிக்குத் தகுதியற்றவர் என்பதைக் காட்டாது. அந்தத் திறன் அந்த நாளில் நோயாளிக்குப் பாதுகாப்பான அளவை எட்டவில்லை என்பதே அதன் பொருள். எந்தப் படிகளில் மதிப்பெண் குறைந்தது என்று பாட ஆசிரியரிடம் கேளுங்கள். திறன் ஆய்வகத்தில் கூடுதல் பயிற்சி நேரம் கோருங்கள். மறுதேர்வுக்கான விதிகளை உங்கள் பல்கலைக்கழக அறிவிப்பில் பாருங்கள். தேர்வைப் பற்றிய கவலையால் உறக்கமும் உணவும் பல நாட்கள் குலைந்தால், அல்லது வாழ்வில் பற்றற்றுப்போனதாகத் தோன்றினால், உடனே ஆசிரியரிடமோ, பெற்றோரிடமோ, மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். பிறர் துயரைத் தணிக்கப் பயிலும் நீங்கள் உங்களுக்காக உதவி கேட்பதில் தாழ்வு ஏதுமில்லை.

உங்கள் கருத்தைத் தெரிவிக்கும் முறை

மாணவர் கருத்து தேர்வைச் செம்மைப்படுத்தும் கருவியாகும். அது பயன்பட வேண்டுமாயின் குறிப்பாக இருக்க வேண்டும். ‘தேர்வு கடினம்’ என்பதால் எவரும் எதையும் திருத்த இயலாது. ‘ஆறாம் நிலையத்தில் கைப்பட்டை ஓர் அளவில் மட்டுமே வைக்கப்பட்டிருந்தது’, ‘வினாவில் நோயாளி நினைவுடன் உள்ளாரா என்பது குறிப்பிடப்படவில்லை’, ‘அருகிலுள்ள நிலையத்தின் பேச்சு தெளிவாகக் கேட்டது’ என்பன போன்ற கருத்துகள் அடுத்த தேர்வுக்குள் திருத்தத்தக்கவை. தேர்வு முடிந்த ஓரிரு நாட்களுக்குள், நினைவு மங்குமுன், வகுப்புப் பிரதிநிதி வழியாகவோ கல்லூரியின் கருத்துப் படிவத்திலோ எழுதித் தெரிவியுங்கள்.

கல்லூரிகள் கவனிக்க வேண்டியவை

• ஒவ்வொரு நிலையத்தையும் மாணவருக்கு முன், பணியில் உள்ள செவிலியர் ஒருவர் செய்து பார்த்து நேரத்தை உறுதி செய்தல்.
• மதிப்பீட்டுப் பட்டியலையும் கட்டாயப் படிகளையும் பயிற்சிக் காலத்திலேயே மாணவருக்கு வழங்குதல்.
• ஒரு நிலையத்தின் விடை மற்றொன்றைச் சார்ந்திராதபடி அமைத்தல். ஏழாம் நிலையத்தில் தொடங்கும் மாணவர் ஆறாம் நிலையத்தைக் கடைசியில்தான் காண்பார்.
• வார்டில் பயன்படும் கருவிகளையே தேர்விலும் வைத்தல்.
• நீண்ட சுற்றுகளில் ஓய்வு நிலையம் ஒன்றை ஏற்படுத்தி, குடிநீர் வைத்தல்.
• பின்னூட்டத்துக்கான நேரத்தைத் தேர்வு அட்டவணையிலேயே ஒதுக்குதல்.

பொதுவாகக் கேட்கப்படும் வினாக்கள்

ஆங்கிலத்தில் பேசித்தான் செய்ய வேண்டுமா?
தேர்வாளருடன் பேசும் மொழி உங்கள் கல்லூரியின் விதியைப் பொறுத்தது. நோயாளியிடம் அவருக்குப் புரியும் மொழியில் பேசுவதே திறன். தமிழ் மட்டும் அறிந்த நோயாளியிடம் இசைவைத் தமிழில் பெறுவதே முறையானது.

எல்லாப் படிகளையும் வாய்விட்டுக் கூற வேண்டுமா?
செய்யக்கூடியதைச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாதவற்றை மட்டும், எடுத்துக்காட்டாக ‘ஊசி செலுத்தும் இடத்தில் வீக்கமோ சிவப்போ இல்லை’ என்பதை, கூறுங்கள்.

வெளிநாட்டுப் பணிக்கும் இத்தேர்வு உண்டா?
சில நாடுகளில் உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் பதிவு பெற விரும்பும் வெளிநாட்டுச் செவிலியர்கள் ஓ.எஸ்.சி.இ. தேர்வில் தேற வேண்டும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் அத்தேர்வு பத்து நிலையங்களைக் கொண்டதாக அமைக்கப்பட்டது. நோயாளியை மதிப்பிடுதல், திட்டமிடுதல், செயற்படுத்தல், பயனை ஆராய்தல் ஆகிய நான்கு நிலையங்களும், நான்கு செய்முறைத் திறன் நிலையங்களும், இரண்டு எழுத்து நிலையங்களும் அதில் உண்டு. மாணவப் பருவத்தில் பெறும் பயிற்சி அங்கும் துணை நிற்கும்.

நினைவில் கொள்க

நிலையத்தில் உங்கள் முன் இருப்பது பொம்மையாக இருக்கலாம், நடிப்பவராக இருக்கலாம். நீங்கள் கற்றுக்கொண்ட செயல் சென்றடையப்போவது ஒரு மெய்யான மனிதரை. அவருக்கு உங்கள் மதிப்பெண் தெரியாது. உங்கள் கை தூய்மையாக இருந்ததா, தம் பெயரைக் கேட்டு உறுதி செய்தீர்களா, சரியான மருந்தைத் தந்தீர்களா என்பவையே அவருடைய நலனைத் தீர்மானிக்கும். தேர்வை நியாயமாக அமைப்பது கல்லூரியின் கடமை. அதில் உண்மையான பயிற்சியுடன் நிற்பது உங்கள் கடமை. இவ்விரண்டும் நிறைவேறும்போதுதான் நோயாளி பாதுகாப்பாக இருக்கிறார்.